மோட்டார் வண்டியின் தாகம்

நெருப்பும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்று கூறுதல் உலக வழக்கு. ஆயின் மோட்டார் வண்டியின் இயந்திரத்துள்ளே இவை இரண்டும் அயலவராகக் குடியிருக்கின்றன. ஒரு விரற்கடையிலும் குறைந்த தடிப்புள்ள உலோகச் சுவர் ஒன்றே அவற்றைப் பிரித்து நிற்கின்றது. சுவரின் ஒருபுறத்தே நெருப்பு எரிகின்றது. மறுபுறத்தே நீர் ஓடுகின்றது. நெருப்பு தன் தொழிலைச் செய்ய வேண்டுமாயின் நீர் தன் காவலைக் கைவிடாதிருத்தல் வேண்டும். அக்காவல் ஒரு கால்மணி நேரம் தவறினும் இயந்திரம் பாழாகும்.

வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு வண்டியே வயல், வண்டியே கடை. அத்தகைய ஒருவர் ஒரு சிறிய இறப்பர்க் குழாயைக் காலத்தில் மாற்றாது விட்டமையால் முழு இயந்திரத்தையும் இழத்தல் கராஜ்களில் அடிக்கடி காணப்படும் காட்சியாகும். வண்டியைப் பற்றி அறிய வேண்டியவர் மெக்கானிக் மட்டுமே என்ற எண்ணம் தவறானது. நீர் எங்கே ஓடுகின்றது, எங்கே கசிகின்றது, ஏன் கொதிக்கின்றது என்பவற்றைச் சாரதி அறிந்திருப்பின், பெருஞ்செலவையும் சிலவேளைகளில் உடற்காயத்தையும் தவிர்த்துக் கொள்ளலாம்.

முதலில் நெருப்பின் அளவை நோக்குவோம். பெற்றோலும் காற்றும் கலந்து உருளைக்குள் எரியும்போது, வாயுவின் வெப்பநிலை கணநேரம் 2,000 பாகை செல்சியசையும் கடந்து செல்லும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். வார்ப்பிரும்பு 1,200 பாகையளவில் உருகும். அப்படியாயின் இயந்திரம் உருகாமல் நிற்பது எவ்வாறு? ஒவ்வொரு வெடிப்பும் நொடியின் சிறு பின்னமே நீடிக்கின்றது. அடுத்த வெடிப்பு நிகழுமுன் சுவரின் வெப்பத்தை நீர் வாங்கிச் சென்றுவிடுகின்றது. எரிபொருளிலுள்ள சத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைவான பங்கோதான் சில்லுகளைச் சுழற்றப் பயன்படும். மற்றொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சிய பங்கை நீரே சுமந்து சென்று காற்றிற் கொட்டவேண்டும்.

இந்தச் சுமையை நீரிடம் எவ்வாறு ஒப்படைப்பது என்பது மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலேயே எழுந்த கேள்வியாகும். ஜேர்மனியிலே காள் பென்ஸ் 1886ஆம் ஆண்டு உரிமைப்பத்திரம் பெற்ற மூன்று சில்லு வண்டியில், நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிரூட்டும் முறையாக இருந்தது. ஆதலால் வழிநெடுக நீர் வார்த்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. 1901ஆம் ஆண்டில் வில்கெல்ம் மேபாக் என்னும் பொறியியலாளர், மேசடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற அமைப்பையுடைய றேடியேற்றரை ஆக்கினார். ஆயிரக்கணக்கான சிறு குழாய்களினூடே காற்றுப் புகுந்து செல்ல, அவற்றைச் சூழ்ந்து நின்ற நீர் விரைவிற் குளிர்ந்தது. சிறிதளவு நீரைக்கொண்டே பெரிய இயந்திரத்தைக் காக்கலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. இன்றைய வண்டிகளின் முகப்பில் உள்ள றேடியேற்றர் அந்த எண்ணத்தின் வழித்தோன்றலேயாகும். இதற்கு விதிவிலக்காக, வோக்ஸ்வாகன் ‘வண்டு’ போன்ற சில கார்கள் நீரை நாடாது, விசிறியாற் செலுத்தப்படும் காற்றையே நம்பி ஓடின.

இனி நீர் செல்லும் வழியைப் பின்தொடர்வோம். இயந்திரத்தின் முன்புறத்திலுள்ள நீர்ப்பம்பி, குளிர்ந்த நீரை உருளைகளைச் சுற்றியுள்ள வழிகளிலே செலுத்துகின்றது. அங்கே சூடேறிய நீர் மேலெழுந்து சிலிண்டர்த் தலையைச் சுற்றிவந்து, வாயிற்காப்போன் போன்ற ஒரு கருவியை அடைகின்றது. இதற்குத் தெர்மோஸ்ரற் என்று பெயர். இதனுள்ளே மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 82 முதல் 90 பாகை வரை ஏறியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். கதவு திறந்ததும் நீர் மேற்குழாய் வழியே றேடியேற்றரை அடைந்து, மெல்லிய குழாய்களினூடே சென்று வெப்பத்தை இழந்து, கீழ்க்குழாய் வழியே மீண்டும் பம்பிக்கு வந்து சேரும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதுமானது. வண்டி நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் விசிறி சுழன்று காற்றை இழுத்துக் கொடுக்கும்.

தெர்மோஸ்ரற்றைப் பற்றி ஒரு தவறான கருத்துப் பரவியிருக்கின்றது. வெப்ப நாட்டிலே இந்தக் கதவு எதற்கு என்று கூறி, அதனைக் கழற்றி எறிந்துவிடுவார் பலர். இயந்திரத்துக்கு மிகுந்த வெப்பம் எவ்வளவு தீயதோ, போதிய வெப்பமின்மையும் அவ்வளவு தீயதாகும். குளிர்ந்த இயந்திரத்திலே எரிபொருள் முற்றாக எரியாது, எண்ணெயில் ஈரம் சேரும், தேய்மானம் பெருகும். அன்றியும், சில இயந்திரங்களிலே இக்கருவி திறக்கும்போது நீரின் குறுக்குவழியை அடைத்துவிடும். அதனைக் கழற்றிவிட்டால் நீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே குறுக்குவழியிற் திரும்பிவிடும். குளிர்ச்சியை வேண்டிக் கழற்றியவர் கொதிப்பையே பெறுவார். தெர்மோஸ்ரற் பழுதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்து நீரிலே அதனை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்துச் சூடாக்கினால், அதன்மேற் பொறித்துள்ள வெப்பநிலையளவிலே கதவு திறக்கவேண்டும். திறவாவிடின் புதியது வாங்குவதே வழி.

அடுத்துக் கவனிக்கத்தக்கது றேடியேற்றரின் மூடி. பார்வைக்கு அற்பப் பொருள், பணியோ பெரிது. நீர் கடல்மட்டத்திலே 100 பாகையிற் கொதிக்கும். மலைமீது ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைவதால் கொதிநிலையும் குறையும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே நீர் 94 பாகையளவிற் கொதித்துவிடும். கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக ஏறும் வண்டிக்கு இரண்டு துன்பங்கள் ஒருங்கே நேர்கின்றன. ஏற்றத்தினால் இயந்திரம் மிகுதியாக உழைத்துச் சூடேறுகின்றது. அதே வேளையிலே நீரின் கொதிநிலை இறங்குகின்றது. பழைய லொறிகள் வளைவுகளிலே ஆவி கக்கி நின்றதும், சாரதிகள் சாலையோரப் பீலியில் வாளி பிடித்ததும் இதனாலேதான்.

மூடியிலுள்ள வில் இத்துன்பத்தை நீக்குகின்றது. அது நீரை அமுக்கத்தின்கீழ் அடைத்து வைக்கின்றது. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயரும். 15 இறாத்தல் மூடி பொருத்திய வண்டியிலே, கடல்மட்டத்தில் வெறும் நீரும் 120 பாகை வரை கொதியாது நிற்கும். பழைய கார்கள் பலவற்றுக்கு 4 அல்லது 7 இறாத்தல் மூடியே உரியது. பழைய றேடியேற்றருக்குப் புதிய காரின் மூடியை இடுதல் கூடாது; பற்றாசு வைத்த இணைப்புகள் பிரிந்துவிடும். மூடியில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. இயந்திரம் ஆறும்போது நீர் சுருங்குமாதலால், அருகிலுள்ள சேமிப்புப் போத்தலிலிருந்து நீரை மீண்டும் உள்ளே வரவிடுவது அதன் கடமை. அது பழுதுபட்டால் ஆறிய வேளையிலே றேடியேற்றர்க் குழாய் சப்பையாக ஒடுங்கியிருக்கக் காணலாம். வேறெங்கும் கசிவு காணப்படாமலே ஒரு வண்டி அடிக்கடி கொதிக்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது மூடியையே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறவேண்டும். சூடான இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே 100 பாகைக்கு மேற்பட்ட நீர், அமுக்கத்தினால் மட்டுமே நீராக நிற்கின்றது. மூடியைத் திறந்த கணமே அமுக்கம் நீங்க, அந்நீரின் ஒரு பகுதி ஆவியாக மாறிச் சீறி எழும். எழும் திசையிலே இருப்பது குனிந்து நோக்குபவரின் முகம். ஈரத்துணியைப் போர்த்துத் திறந்தால் தீங்கில்லை என்பதும் நம்பத்தக்கதன்று. அரைமணி நேரமேனும் பொறுத்திருந்து, மேற்குழாயைக் கையாற் பிடித்து, வெப்பமும் விறைப்பும் நீங்கிய பின்னரே மூடியைத் தொடவேண்டும்.

றேடியேற்றருக்கு எந்த நீரை வார்ப்பது என்பது அடுத்த வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டினருக்கு இது மிக நெருங்கிய வினாவாகும். குடாநாட்டின் அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல். மழைநீர் அக்கல்லினூடே இறங்கும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியிலே வெள்ளைப் படை பிடித்திருப்பதை அங்குள்ள இல்லத்தரசிகள் அனைவரும் அறிவர். கரைந்திருந்த சுண்ணம் சூட்டினாற் பிரிந்து, கரையாத கல்லாகப் படிந்ததே அப்படை. கேத்தலில் நிகழ்வது றேடியேற்றரிலும் நிகழும். கேத்தலைக் கழுவலாம், இயந்திரத்தின் உள்வழிகளைக் கண்ணாற் காணவும் இயலாது. சுண்ணாம்புப் படிவம் செம்பைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்த மறுப்பது. ஆதலால் மெல்லிய படிவமும் நீருக்கும் நெருப்புக்கும் இடையே போர்வை விரித்தாற்போல் ஆகிவிடும். றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்கள் நாளடைவில் அடைபட்டும் போகும். கரையோரக் கிணறுகளில் உவரும் சேர்கின்றது. உப்பு அலுமினியப் பாகங்களை அரித்துத் தின்னும்.

இதற்குப் பரிகாரம் எளிது. காய்ச்சி வடித்த நீரை வாங்கி இடலாம். அதற்கு வசதியில்லாதார், கூரை நன்கு கழுவப்பட்ட பின் பெய்யும் மழைநீரைத் தூய பாத்திரத்திற் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம். படிவம் முன்னரே பிடித்திருப்பின், கராஜ்களில் சித்திரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலக் கரைசலை ஓடவிட்டு அதனைக் கரைத்துப் பின்னர் நன்னீராற் பலமுறை கழுவுவர். அமிலத்தின் அளவையும் நேரத்தையும் அறிந்தவரே இதனைச் செய்தல் வேண்டும். அளவு மிஞ்சினால் படிவத்தோடு உலோகமும் கரையும்.

வெறும் நீர் எத்துணைத் தூயதாயினும் அது மட்டும் போதாது. இரும்பும் செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்திருக்கும்போது துருவும் அரிப்பும் தோன்றுவது இயற்கை. இவற்றைத் தடுக்கும் மருந்துகளும் எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவமும் சேர்ந்ததே கடைகளில் விற்கப்படும் கூலன்ற் ஆகும். குளிர்நாடுகளிலே நீர் உறைந்து இயந்திரத்தைப் பிளக்காமல் இருப்பதற்காக இது பரவியது. உறைபனி அரிதாகிய இலங்கையிலே இது எதற்கு என்று கேட்பவருக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, துருத்தடுப்பு. மற்றொன்று, நீரும் கிளைக்கோலும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை 107 பாகையளவுக்கு உயர்கின்றது. கலவையின் நிறம் பச்சையா சிவப்பா நீலமா என்பது அதன் வகையை உறுதியாகக் காட்டாது. ஒரே நிறமுள்ளவை வெவ்வேறு வகையினவாக இருக்கலாம். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தாற் கூழாகித் திரளும். வண்டியின் கைந்நூலிற் குறித்த வகையையே இடவேண்டும். பழைய வகைகளை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் தகும். புதிய வகைகள் சில அதனினும் நீண்டகாலம் நிற்கும்.

வீட்டிலே குழந்தைகள் இருப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. ஆயின் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரைப் போக்கவல்லது. வடித்த கூலன்றைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தலும், வாசலில் ஊற்றுதலும், குடிபானப் போத்தல்களில் அடைத்து வைத்தலும் பெருந்தவறு. நாயோ பூனையோ நக்கினாலும் மாண்டுபோகும். எவரேனும் அருந்திவிட்டதாக ஐயம் தோன்றினால், நோய்க்குறி தெரியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

இனிக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையைக் கூறுவோம். இரவிலே வண்டியை நிறுத்தும்போது முன்பகுதியின்கீழ் ஒரு பெரிய கடதாசி அட்டையை விரித்து வைத்தால் காலையில் அதுவே சான்று கூறும். பழுப்பாகவும் வழுக்கலாகவும் இருந்தால் எண்ணெய். நிறமுடையதாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் கூலன்ற். நிறமும் மணமும் அற்ற வெறும் நீர், குளிர்சாதனம் பூட்டிய வண்டியிலே அச்சாதனம் இயங்கிய பின் மட்டும் சொட்டுமாயின், அது காற்றின் ஈரம் படிந்து வடிவதேயாகும், அஞ்சவேண்டியதில்லை. எவ்வாறாயினும் துளியை நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆகாது.

அட்டையிற் கண்ட இடத்துக்கு நேர்மேலே கசிவு இருக்கவேண்டும் என்பதில்லை. நீர் வழிந்து வேறிடத்தில் விழும். ஆகையால் ஒவ்வோர் உறுப்பாக நோக்கவேண்டும். முதலாவது இறப்பர்க் குழாய்கள். ஆறிய நிலையில் அவற்றைப் பிசைந்து பார்த்தால், நல்ல குழாய் இழுபட்டு மீளும். ஊறிப் பருத்தது, கூழ்போல் மென்மையானது, நெரிக்கும்போது வெடிப்பொலி எழுப்புவது ஆகியவை மாற்றத்தக்கன. இறுக்குப் பட்டியின் அருகிலேயே வெடிப்புகள் பெரும்பாலும் தோன்றும். இரண்டாவது, றேடியேற்றரின் உடலும் மேல் கீழ்த் தொட்டிகளின் இணைப்புகளும். வெண்மையாகவோ பச்சையாகவோ உலர்ந்த கறை எங்கே தெரிகின்றதோ அங்கே கசிவு உண்டு. மூன்றாவது, நீர்ப்பம்பி. அதன் வயிற்றிலே சிறு துவாரம் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளே உள்ள நீர்த்தடை தேய்ந்தால் நீர் அத்துவாரத்தால் வெளிவந்து எச்சரிக்கும். துவாரத்தை அடைத்தல் அறிவீனம். அடைத்த நீர் அச்சுத்தாங்கிகளைக் கெடுத்துப் பம்பியையே உடைத்துவிடும். நான்காவது, இயந்திர உடலின் பக்கங்களிலுள்ள வட்டத் தகட்டு அடைப்புகள். துருவினால் இவை ஊசித்துளை விழுந்து கசியும். ஐந்தாவது, வண்டிக்குள்ளே வெப்பக்காற்று விடும் சிறு றேடியேற்றர். யப்பானிலிருந்து வந்த கார்கள் பலவற்றில் இதுவும் உண்டு. முன்னிருக்கையின் காற்றரை விரிப்பு நனைதல், கண்ணாடியில் பிசுக்கான மூடுபனி படர்தல், இனிப்பு மணம் வீசுதல் ஆகியவை இதன் கசிவைக் காட்டும்.

கண்ணால் அறிய இயலாத கசிவுக்குக் கராஜ்களிலே கைப்பம்பியுடன் கூடிய அமுக்கமானியைப் பயன்படுத்துவர். அதனை மூடியின் இடத்திற் பொருத்தி, மூடிக்குரிய அமுக்கம் வரை காற்றை ஏற்றினால், சில நிமிடங்கள் முள் அசையாது நிற்கவேண்டும். முள் இறங்குமாயின் கசிவு உண்டு. இயந்திரம் ஆறியிருக்கும்போதே இச்சோதனை நடைபெறுவதால், சூட்டின் அபாயமின்றி ஒவ்வோர் இடமாகத் தேடிப் பார்க்கலாம்.

குழாயை மாற்றுதல் பொறுமையுள்ள எவருக்கும் இயலும். இயந்திரம் முற்றாக ஆறியபின் நீரை வடிக்கவேண்டும். பழைய குழாய் ஒட்டிக்கொண்டிருப்பின், திருப்புளியாற் கிளப்பி எடுத்தல் தகாது. றேடியேற்றரின் கழுத்து மெல்லியதாதலால் நசுங்கும். குழாயை நீளவாக்கிற் கீறி உரித்தெடுப்பதே நன்று. கழுத்திலுள்ள படிவத்தைச் சுரண்டித் துடைத்து, புதிய குழாயை அதன் விளிம்பு வரம்பைக் கடந்து உள்ளே செலுத்தி, வரம்புக்கு உட்புறமாகவே இறுக்குப் பட்டியைப் பூட்டவேண்டும். மிகுதியாக இறுக்கினால் இறப்பர் வெட்டுப்படும்.

பழைய றேடியேற்றர்கள் செம்பினாலும் பித்தளையினாலும் ஆனவை. அவற்றைக் கழற்றி, வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஊதினால், குமிழி எழும் இடமே துவாரம். தேர்ந்த கைவினைஞர் அவ்விடத்தைச் சுத்தம் செய்து பற்றாசு வைத்து அடைப்பர். இன்றைய றேடியேற்றர்களோ அலுமினியக் கூடும் பிளாத்திக்குத் தொட்டிகளும் இறப்பர் வளையத்தால் இணைக்கப்பட்டவை. பழைய முறையில் இவற்றுக்குப் பற்றாசு பிடியாது. பிளாத்திக்கு வெடித்தால் மாற்றுவதே பெரும்பாலும் வழியாகும். அடைப்புக்காகக் கடைகளில் விற்கும் தூள்களும் திரவங்களும், தென்னாசியாவிற் பலரும் கையாளும் மஞ்சட்டூளும், ஊசித்துளையைத் தற்காலிகமாக மூடக்கூடும். ஆயின் துவாரத்தை அடைக்கும் பொருள் ஒடுங்கிய குழாய்களையும் அடைக்கும். வீடு சேர்வதற்கு அது உதவலாம். நிலையான மருந்து ஆகாது.

புதிதாக நீர் நிரப்பியவர் பலர் மறப்பது உள்ளே அகப்பட்ட காற்றை. காற்றுக்குமிழி நின்ற இடத்தில் நீர் இல்லை. நீரில்லாத இடம் எரியும். மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி, வெப்பக்காற்றுக் கருவியையும் திறந்துவிட்டுத் தெர்மோஸ்ரற் திறக்கும்வரை பார்த்திருந்தால், குமிழிகள் எழுந்து நீர்மட்டம் இறங்கும். இறங்க இறங்க நிரப்பி, குமிழி அடங்கியபின் மூடவேண்டும். முகம் விலகி நிற்றல் நன்று.

எல்லாக் கசிவிலும் கொடியது வெளியே தெரியாத உட்கசிவு. சிலிண்டர்த் தலைக்கும் கீழுடலுக்கும் இடையேயுள்ள கஸ்கெற் எரிந்துபோனால், நீர் உருளைக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் புகும். எரிவாயு நீருக்குள் புகும். அதற்குக் குறிகள் உண்டு. தரையில் ஒரு துளியும் இன்றி நீர்மட்டம் நாள்தோறும் குறையும். இயந்திரம் சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் இனிப்பு மணமுள்ள வெண்புகை விடாது வரும். எண்ணெய் பாலிட்ட கோப்பியின் நிறம் பெறும். காலையில் இயந்திரத்தை இயக்கிய சில நொடிகளிலேயே மேற்குழாய் விறைக்கும். இக்குறிகளைக் கண்டவர் வண்டியை ஓட்டுதல் ஆகாது. கராஜில் நீலநிறத் திரவம் ஒன்றினூடே றேடியேற்றரின் ஆவியை இழுத்துச் சோதிப்பர். எரிவாயு கலந்திருப்பின் திரவம் மஞ்சளாகும். தலையைக் கழற்றி, அது வளைந்துள்ளதா என்று நேர்விளிம்புக் கோலால் அளந்து, வளைந்திருப்பின் சீவிச் சமப்படுத்தி, புதிய கஸ்கெற்றை வைத்து, குறித்த வரிசையிலும் குறித்த இறுக்கத்திலும் ஆணிகளை முடுக்கவேண்டும். அளவுக்குறடு இல்லாத இடத்தில் இவ்வேலையை ஒப்படைத்தல் பணத்தை இருமுறை இழப்பதற்கு ஒப்பாகும்.

வழியிலே வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டால் செய்யத்தக்கது யாது? குளிர்சாதனத்தை நிறுத்தி, வெப்பக்காற்றுக் கருவியை முழுமையாகத் திறந்துவிட்டால் சிறிது வெப்பம் அவ்வழியால் வெளியேறும். முள் இறங்காவிடின் உடனே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைக்கவேண்டும். இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டியவர்கள்தாம் தலையை வளைத்தவர்கள். பொனற்றைத் திறந்து அகன்று நிற்க வேண்டும். மின்விசிறி பூட்டிய வண்டியிலே இயந்திரம் நின்ற பின்னரும் விசிறி தானாகச் சுழலலாம் என்பதால் கையையும் ஆடையையும் அருகிற் கொண்டுபோதல் ஆகாது. கொதிக்கும் இயந்திரத்தின்மேற் குளிர்நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும். ஆறிய பின் விசிறிப் பட்டி அறுந்ததா, குழாய் வெடித்ததா என்று நோக்கலாம். குழாயிற் சிறு வெடிப்பாயின், துடைத்து உலர்த்தி, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்டி, நீர் நிரப்பி, மெல்ல ஓட்டி அடுத்த கராஜை அடையலாம்.

குடாநாட்டினருக்கு இத்தகைய அறிவு ஒரு காலத்தில் வாழ்வோடு இணைந்திருந்தது. 1990ஆம் ஆண்டின் பின்னர் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் கிடையாத நாட்களில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது. ஆவியாகாதது வழிந்து எண்ணெயைக் கெடுக்கும். ஆகவே இயந்திரத்தின் வெப்பம் மிகாமலும் குறையாமலும் நிற்றல் அன்று எளிய கல்வியன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் சேர்க்காததும் அதனைப் பொறுத்திருந்தது.

இன்று சாலைகளில் ஓடும் கலப்பின வண்டிகளுக்கும் மின்சார வண்டிகளுக்கும் தாகம் நீங்கிவிடவில்லை. ரொயோட்டா பிறியஸ் போன்ற வண்டியில் மின்மாற்றிப் பகுதிக்கெனத் தனி நீர்ச்சுற்று ஒன்று உண்டு. மின்சார வண்டிகள் பலவற்றில் பற்றரியையும் திரவமே குளிர்விக்கின்றது. இவற்றின் நீர்மட்டத்தைப் பார்ப்பது உரிமையாளரின் கடமை. ஆயின் உயர்மின்னழுத்தக் கம்பிகள் அருகிலிருப்பதால் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடவேண்டும்.

ஆகவே நேயர்கள் வாரத்தில் ஒரு காலை, வண்டியை இயக்குமுன், ஐந்து நிமிடங்களை ஒதுக்கி வைப்பாராக. சேமிப்புப் போத்தலில் நீர்மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையே நிற்கின்றதா என்று நோக்குக. குழாய்களைப் பிசைந்து, விசிறிப் பட்டியை அழுத்திப் பார்க்குக. தரையிலே துளி உண்டா என்று குனிந்து காண்க. ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் செல்லும் வண்டிகள் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நின்று செல்லுதல் நெடுநாள் வழக்கம். தேங்காய் உடைத்துத் திரும்பும் சாரதி, வண்டியின் அடியையும் ஒருமுறை நோக்கிவிட்டுப் புறப்படுவாராயின், அந்த நிறுத்தம் இருமடங்கு பயன் தரும். ஒரு துளி கசியும்போது திருத்துவதற்கு ஒரு குழாய் போதும். அத்துளியைப் புறக்கணித்தால் இயந்திரம் முழுவதையும் இறக்கவேண்டிவரும்.